புதிய லோரியின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்
(கெடா மாநிலத் தோட்ட மக்களுக்காகத் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



தோட்ட வாழ்வில் லோரிக்கு உள்ள இடத்தை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நீங்கள் சீவிய பாலையும் ஒட்டுப்பாலையும் ஆலைக்குக் கொண்டு சேர்ப்பது அதுவே. தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் போன்ற பட்டணங்களில் சொந்தத் தொழில் செய்ய முனையும் இளைஞர் பலர் நாடுவதும் ஒரு சிறு லோரியையே. தந்தை ஐம்பத்தைந்து வயதில் பெற்ற ஊழியர் சேமநிதிப் பணம் முன்பணமாகின்றது. எஞ்சியது மாதத் தவணையாகின்றது. தவணை முடியுமுன்னரே இயந்திரம் புகை கக்கத் தொடங்கினால், கெட்டுப்போவது வண்டி மட்டுமன்று. ஒரு குடும்பம் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளும் அதனுடன் போகின்றது.

நமது கெடா மாநிலம் வாகனத் தொழிலுக்குப் புதிதன்று. கூலிம் வட்டாரத்திலுள்ள இனோகோம் தொழிற்சாலையில் 'லோரிமாஸ்' என்னும் சிறு லோரிகள் உருவாயின. குருணில் மோடெனாஸ் நிறுவனம் 1996-ஆம் ஆண்டு முதல் 'கிரிஸ்' மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. எந்த வண்டியாயினும், ஆலையிலிருந்து வெளிவரும் இயந்திரம் முற்றும் பக்குவமடைந்தது என்று எண்ணலாகாது. எஞ்சிய பக்குவத்தை அளிப்பவர் ஓட்டுநரே.

அஃது எவ்வாறு என்று பார்ப்போம். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி எழுப்பும் 'பிளக்' இல்லை. சிலிண்டருக்குள் காற்று 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தப்படுகின்றது. அவ்வழுத்தத்தால் எழும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கின்றது. அழுத்தம் கசியாமல் காப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள். புதிய சிலிண்டரின் சுவரில் நுண்ணிய குறுக்குக் கோடுகளை ஆலையிலேயே வேண்டுமென்று கீறியிருப்பார்கள். அக்கோடுகள் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும். அவற்றின் கூரிய முனைகள் வளையங்களோடு உரசிச் சிறிது தேயும்பொழுது, வளையமும் சுவரும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இப்பொருத்தம் பெரும்பாலும் ஓட்டத்தின் தொடக்கத்திலேயே அமைந்துவிடுவது.

இதனை உங்களுக்கு விளக்க உங்கள் தொழிலே போதும். புது மரத்தில் உளி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் படும்; பட்டை மீண்டும் சீராக வளராது. அஞ்சி மேலோட்டமாகச் சீவினாலோ பால் வடியாது. புதிய இயந்திரத்திற்கும் அவ்வாறே இரு பக்கமும் கேடு உண்டு.

மிகுதியான பாரம் ஏற்றி, மிதியை அடிவரை அழுத்தி ஓட்டினால் உராய்வும் சூடும் பெருகிச் சுவர் கீறப்படும். இதனைப் பலர் அறிவர். பலர் அறியாதது மற்றொன்று. 'புது வண்டி' என்று அஞ்சி வெறுமனே நிறுத்தி ஓடவிடுவதும் தீங்கே. வளையங்களைச் சுவரோடு அழுத்துவது எரிவாயுவின் அழுத்தமாகும். பாரமில்லாமல் ஓடும் இயந்திரத்தில் அவ்வழுத்தம் குறைவு. அதனால் வளையம் பொருந்துமுன்னரே சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். பின்னர் அவ்வியந்திரம் எண்ணெயைக் குடிக்கும், நீலப்புகை விடும்.

ஆகவே முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரையில், அல்லது வண்டியின் கையேடு குறிக்கும் தூரம் வரையில், நடுத்தரமான பாரம் ஏற்றுங்கள். வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் செல்வதைத் தவிருங்கள். பாலிங் பக்கத்து மேடுகளில் இயந்திரம் திணறும் வரை காத்திராமல் முன்கூட்டியே கியரைக் குறையுங்கள். பால் நிறுக்கும் இடத்தில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். சக்கர நட்டுகளையும் முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை சோதித்து முடுக்கச் செய்யுங்கள்.

இனி எண்ணெய். பட்டறைகளில் மலாய் மொழியில் 'மிஞ்ஞாக் ஈத்தாம்' என வழங்குவது இதுவே. தேய்ந்த உலோகத் துகள்கள் எண்ணெயில் கலந்து வடிகட்டியில் சேர்கின்றன. முன்னாளில் ஐந்நூறு அல்லது ஆயிரம் கிலோமீட்டரில் முதல் எண்ணெயை மாற்றுவதே பொது வழக்கம். இக்காலத்து இயந்திரங்களுள் சிலவற்றிற்கு அவ்வளவு விரைவில் மாற்ற வேண்டியதில்லை. சிலவற்றில் தொடக்க ஓட்டத்திற்கென்றே தனி எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். அதனை முன்கூட்டியே வடித்துவிடலாகாது. எனவே நண்பர் சொல்லையன்று, கையேட்டையே நம்புங்கள். கையேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், பள்ளியில் பயிலும் உங்கள் பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். சிலிண்டர் கடைந்து புதுப்பித்த பழைய இயந்திரமும் புதியதற்கு ஒப்பானதே. அதற்கு முதல் எண்ணெய் மாற்றும் தூரத்தைப் பட்டறைக்காரரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றும்பொழுது இயந்திரம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அப்பொழுதுதான் துகள்கள் எண்ணெயோடு வெளியேறும். வடிகட்டியையும் உடன் மாற்றுங்கள். சமதரையில் நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுகோலைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. டீசல் வண்டியில் புதிய எண்ணெய் விரைவில் கறுத்துவிடும். அது புகைக்கரி கலப்பதால் நேர்வது. நிறத்தைக் கண்டு எண்ணெய் கெட்டதென்று முடிவு செய்ய வேண்டாம். பட்டறை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதம் கோரும் நாளில் அதுவே உங்கள் சாட்சி.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் கொட்டாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகள் அதனை அட்டவணைக் கழிவாக வகுத்துள்ளன. நம் வட்டாரத்து ஓடைகள் பல கலக்கும் சுங்கை மூடா, கெடா, பினாங்கு மக்களுக்குக் குடிநீர் தரும் ஆறு என்பதை மறவாதீர்கள். பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

'முதலாளியின் லோரிதானே' என்று ஓட்டுநர் எண்ணலாம். லோரி பட்டறையில் கிடக்கும் நாளில் ஓட்டுநருக்கும் வருமானமில்லை. பாலும் உரிய நேரத்தில் ஆலை சேராது. முதலில் காட்டும் சில வாரப் பொறுமை, பின்னர்ப் பல்லாண்டு உழைப்பாகத் திரும்பி வரும். முதல் கோணல் முற்றும் கோணல் என்றனர் நம் முன்னோர். முதல் ஓட்டம் செம்மையாக அமையட்டும்.