வாய்க்காலைக் கேட்டு வீடு கட்டுவோம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"நம்ம ஊர் வளர்ச்சியில் கட்டுமானத் துறையின் பங்கு பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசப்பா" என்று செயலாளர் போனில் சொன்னார். பங்கு என்றால் நல்ல பங்கும் உண்டு, கெட்ட பங்கும் உண்டு. இரண்டிலும் எனக்குப் பங்கு இருப்பதால் ஒத்துக்கொண்டேன்.

விழுப்புரம் 1919-இல் நகராட்சி ஆனது. தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்து 1993 செப்டம்பர் 30-இல் தனி மாவட்டத்தின் தலைநகர் ஆனது. அதன் பிறகுதான் ஊர் நாலா பக்கமும் நடக்க ஆரம்பித்தது. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2024-இல் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பூங்கா வந்தது. புதுச்சேரி சாலை நான்கு வழியானது. அந்தச் சாலையும், விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகிற சாலையும் சந்திக்கிற இடம் நம்ம கோலியனூர் கூட்டுரோடு. ஒரு காலத்தில் ஆடி மாதம் புத்துவாய் மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள்தான் அங்கே கூட்டமாக இறங்குவார்கள். இப்போது வருஷம் முழுக்க மனை பார்க்க வருகிறவர்கள் இறங்குகிறார்கள். வேனில் ஏற்றிக் கொண்டுபோய், சாமியானா போட்டு, டிபன் கொடுத்து, மாலையில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நானே அந்தச் சாமியானாவில் சாப்பிட்டவன். படிப்பு முடித்த இரண்டாம் வருஷம், 2014-இல், கோலியனூர்ப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் சைட் இன்ஜினியராக வேலைக்குச் சேர்ந்தேன். எந்த இடம், யாருடையது என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. பத்து ஏக்கர். மூன்று வருஷம் முன்புவரை நெல் விளைந்த நஞ்சை. உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பாசன வாய்க்கால் குறுக்கே போகிறது. புலப்படத்தில் மூன்று மீட்டர் அகலம். நேரில் பார்த்தால் ஆழம் ஒரு மீட்டர், உள்ளே முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு. தண்ணீர் இல்லை.

நுழைவுச் சாலை அந்த வாய்க்காலைத் தாண்டியாக வேண்டும். நான் மூன்று மீட்டர் அகலத்துக்குச் சிறுபாலம் போட்டு வரைந்து கொடுத்தேன். முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தார். "வருஷத்துல பதினைஞ்சு நாள் ஓடற தண்ணிக்கு எதுக்கு சார் பாலம்? ரெண்டு அடி ஹியூம் பைப் ஒண்ணு போட்டு மூடுங்க" என்றார். கணக்கு எனக்குத் தெரியும். வாய்க்கால் நிரம்பி ஓடினால் குறுக்குப் பரப்பு மூன்று சதுர மீட்டர். 600 மில்லிமீட்டர் குழாயின் பரப்பு 0.28 சதுர மீட்டர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முதலாம் ஆண்டு மாணவனுக்குக்கூடத் தெரிகிற கணக்கு. ஆனால் எனக்கு அது முதல் வேலை. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். "சரி சார்" என்றேன். குழாயைப் போட்டு, கிராவல் கொட்டி, சாலையை இரண்டடி உயர்த்தினேன்.

குழாய் இறக்குகிற அன்று, அந்த ஆயக்கட்டில் பல வருஷம் தண்ணீர் பாய்ச்சிய ஒரு பெரியவர் வந்து நின்று பார்த்தார். "ஏம்பா இன்ஜினியரு, மேலத் தண்ணி இதுலதான் வரணும், தெரியுமா?" என்று கேட்டார். "பைப் போட்டிருக்கோம் தாத்தா" என்றேன். "பைப்பு போட்டிருக்க, சரி. தண்ணிகிட்ட சொன்னியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். லேபர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அடுத்த வருஷம் எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சர், ஓய்வுபெற்ற பணத்தில் அங்கே ஒரு மனை பார்த்தார்கள். என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, "தம்பி, நீ அங்க வேலை பாக்கறியாமே. நீ சொன்னா வாங்கறேன்" என்றார்கள். "நல்ல இடம், வாங்குங்க டீச்சர்" என்றேன். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. குழாயைப் பற்றி நான் சொல்லவில்லை. 2018-இல் வீடு கட்டிக் குடிபோனார்கள். கிரகப்பிரவேசத்தில் எனக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தார்கள்.

2021 நவம்பர் மழையில் டீச்சர் போன் செய்தார்கள். "படி வரைக்கும் வந்துடுச்சு தம்பி." "இந்த வருஷம் மழை அதிகம் டீச்சர்" என்றேன். அப்போதாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததே தவிர, நகரவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. நம் பக்கம் 40 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 40 சென்டிமீட்டர் மழை பெய்தால் 16 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்து ஊற்றினால் 135 லோடு, ஒரு ஏக்கருக்கு மட்டும்! அது வயலாக இருந்த காலத்தில் அரையடி வரப்பே ஏக்கருக்கு ஆறு லட்சம் லிட்டரைப் பிடித்து வைத்திருக்கும். மீதியை வாய்க்கால் கொண்டுபோயிருக்கும். நாங்கள் வரப்பை வெட்டினோம், வாய்க்காலை அடைத்தோம், சாலையை உயர்த்தினோம். உயர்த்திய சாலை அணையாகிவிட்டது. இரண்டடிக் குழாயில் பிளாஸ்டிக்கும் காட்டாமணக்கும் போய் அடைத்துக்கொண்டன.

டீச்சர் வீட்டுக்குள் நான்கடித் தண்ணீர். அவர்களும் ஐயாவும் இரவு முழுக்க மாடிப்படி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஐயாவுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் கீழே ஃபிரிட்ஜில் இருந்தது. விடிந்ததும் நான் ஒரு ஜே.சி.பி.யை அழைத்துக்கொண்டு போனேன். நான் போட்ட சாலையை நானே நின்று வெட்டச் சொன்னேன். குழாயைப் பிடுங்கி எறிந்ததும் மூன்று மணி நேரத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணை பெருகி, அரசூரில் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையே நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். அது வேறு வெள்ளம். டீச்சர் வீட்டில் முதல் நாளே நின்றது ஆற்றுத் தண்ணீர் இல்லை. அது பக்கத்து வயல் தண்ணீர். அதை மறித்தது என் குழாய். "இயற்கைச் சீற்றம்" என்று எல்லாரும் சொன்னபோது எனக்கு மட்டும் வாய் வரவில்லை.

அங்கீகாரம் இல்லாமல்தானே இப்படி நடக்கிறது என்று கேட்கலாம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவுகள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். 2019-இல் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் வந்தன. எல்லாம் நல்லதுதான். ஆனால் சாலை எத்தனை அடி அகலம், பூங்காவுக்கு எவ்வளவு இடம் என்பதைக் காகிதத்தில் பார்த்துவிடலாம். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை இடத்தில் நின்றால்தான் பார்க்க முடியும். அங்கே நிற்கிற ஆள் நாம்தான், இன்ஜினியர்.

மனை வாங்கப் போகும் நண்பர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று, பத்திரத்தோடு புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். வாய்க்கால், ஓடை, ஏரி என்று ஏதாவது சர்வே எண் பக்கத்தில் இருந்தால், அது இன்று தரையில் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். இரண்டு, மனையை வெயில் காலத்தில் பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் போங்கள். மூன்று, அந்த ஊரில் தண்ணீர் பாய்ச்சிய ஒரு பெரியவரைக் கண்டுபிடித்து, டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். லெவல் மெஷின் சொல்லாததை அவர் சொல்வார்.

மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று. ஊர் வளரக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அதில்தான் நாம் எல்லாரும் சாப்பிடப் போகிறோம். உங்கள் முதல் வேலையிலும் ஒரு முதலாளி "ரெண்டு அடி போதும்" என்பார். அப்போது எதிர்த்துப் பேச முடியாமல் போகலாம், எனக்கும் முடியவில்லை. குறைந்தது கணக்கை எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுங்கள். வாங்க வருகிறவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். என்னால் அதையாவது செய்திருக்க முடியும்.

2025 கோடையில் அந்த மனைப்பிரிவுக் குடியிருப்போர் பணம் திரட்டி, முறையாக அனுமதி பெற்று, மூன்று மீட்டர் அகலத்துக்குப் பெட்டிப் பாலம் கட்டினோம். வரைபடம் புதிதாகப் போடவில்லை. 2014-இல் நான் வரைந்த அதே படம்தான். சம்பளம் வாங்கவில்லை. அதற்கு முன் டீச்சர் வீட்டுக்குப் போய், குழாய்க் கதையை முழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "கணக்கு தப்பாப் போனா அடிச்சிட்டுத் திரும்பப் போடணும்னு உனக்குச் சொல்லிக் கொடுத்தேனா இல்லையா?" என்று கேட்டார்கள். "சொல்லிக் கொடுத்தீங்க டீச்சர்" என்றேன். "அப்ப போடு" என்றார்கள்.

அந்த வார்த்தையை உங்களிடமும் சேர்த்துவிட்டேன்.