அழையாத விருந்தும் அருகிருக்கும் துணையும்



எங்கள் பாடசாலை நூலகத்துக்கு ஆங்கில-தமிழ் அகராதி ஒன்று வந்தபோது, காலைக் கூட்டத்திலே அதன் பெருமையை விரிவாக எடுத்துரைத்தேன். ஒரு மாதமாகியும் அதனைத் தொட்டவர் எவருமிலர். பின்னர் நூலகப் பொறுப்பாசிரியை, பிள்ளைகள் ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கும் மேசையின் ஓரத்தில் அதனை விரித்து வைத்தார். சொல் விளங்காது தயங்கிய பிள்ளையின் கை தானாகவே அங்கே சென்றது. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் மொழிபெயர்ப்புக் கருவிகளை அறிமுகஞ் செய்வோர் எதிர்நோக்குவதும் இதே சிக்கல்தான்.

கூவி அழைத்தால் என்னவாகும்? மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் ஆபீஸ் மென்பொருளின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பிலே, காகிதம் கோக்கும் கம்பியின் உருவத்தில் கிளிப்பி என்னும் உதவியாளனைப் புகுத்தியது. கடிதம் எழுதத் தொடங்கியவுடன் அது தோன்றி, உதவி வேண்டுமோ என்று வினவும். பத்தாவது கடிதத்துக்கும் அதே வினாத்தான்! 2001இல் வந்த பதிப்பிலே அது தானாகத் தோன்றாதவாறு செய்தார்கள். 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலே அடியோடு நீக்கிவிட்டார்கள்.

விக்கிப்பீடியாவின் மொழிபெயர்ப்புக் கருவியை வடிவமைத்தோர் வேறு வழி கண்டனர். 2015ஆம் ஆண்டு முதல் வழக்குக்கு வந்த கருவி அது. ஒரு கட்டுரை எந்தெந்த மொழிகளில் உண்டு என்பதைக் காட்டும் மொழிப்பெயர் வரிசை பக்கத்தோடு இருக்குமல்லவா? வாசகர் அறிந்த மொழியொன்றில் அக்கட்டுரை இல்லையெனின், அம்மொழியின் பெயரையும் அவ்வரிசையிலேயே மங்கிய சாம்பல் நிறத்தில் நிறுத்தினர். அதனைத் தொட்டால், மொழிபெயர்த்து எழுதலாமே என்று சிறு சீட்டொன்று விரியும். தொடாதவருக்கு எவ்விதத் தொல்லையுமில்லை. இல்லாமையையே அழைப்பாக்கிய இந்த யுக்தியை நான் பெரிதும் மெச்சுகிறேன்.

ஆயினும், அழைப்பு எளிதானால் பொறுப்பற்றவரும் நுழைவர். இயந்திரம் தந்ததைத் திருத்தாமலே வெளியிடும் வழக்கம் மிகவே, ஆங்கில விக்கிப்பீடியா 2016இல் இக்கருவியை அனுபவமுள்ளவர்க்கு மட்டுமென வரையறுத்தது. திருத்தப்படாத பகுதி மிகுந்தால் எச்சரிக்கும் ஏற்பாடும் கருவியில் உண்டு.

கூகுள் குறோமின் முறையிலும் ஒரு நயமுண்டு. பிறமொழிப் பக்கம் திறக்கும்போது மொழிபெயர்க்கவா என்று கேட்கும். இம்மொழியை ஒருபோதும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று நாம் குறித்துவிட்டால், அம்மொழிக்காக மீண்டும் கேட்பதில்லை. மறுப்பை நினைவில் வைத்திருப்பதும் மரியாதையன்றோ!

நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். சிங்களத்தில் வந்த கடிதத்தை ஏந்திக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள்தேடி வரும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். கடிதத்தைப் படம்பிடித்துத் தமிழிலே தரவல்ல கருவி, அவர்கள் கையிலுள்ள தொலைபேசியிலேயே கிடைக்கிறது. ஆனால் அதனைக் காட்டும் அந்தச் சிறு வரி, பெரும்பாலும் அவர்கள் வாசிக்கவியலாத ஆங்கிலத்திலேயே நிற்கிறது.