காற்று இருந்தும் ஆலை நின்றது ஏன்?



"எரிசக்திப் பொருளாதாரம் படிச்சா வேலை கிடைக்குமாண்ணா?" என்று இறுதியாண்டுத் தம்பி ஒருவர் வாசலிலேயே கேட்டார். அவருக்கான பதில்தான் இந்த உரை.

2010-ல் இங்கே மின்னியல் முடித்துவிட்டு, முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பு வேலைக்குப் போனேன். அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு, நல்ல காற்று. எந்திரத்தில் ஒரு குறையுமில்லை. ஆனாலும் "நிறுத்து" என்று உத்தரவு வந்தது. காலையில் காற்றாலை முதலாளி வந்து, "மெஷின் நல்லாத்தானே இருக்கு, ஏன் தம்பி நிறுத்தினீங்க?" என்றார். நான்காண்டுப் படிப்பில் அதற்குப் பதில் இல்லை. தலைகுனிந்து நின்றேன்.

பிறகுதான் புரிந்தது. இரவில் மின்தேவை குறையும். அனல் மின் நிலையத்தை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. மின்பாதையும் நிரம்பியிருக்கும். அப்போது யாருடைய மின்சாரத்தை எடுப்பது, நட்டம் யாருக்கு? இது பொருளாதாரக் கேள்வி. வேலையை விட்டுவிட்டு அதைப் படிக்கப் போனேன். "எஞ்சினியருக்குப் படிச்சிட்டு கணக்கப்பிள்ளை வேலையா?" என்று கேட்ட அப்பா, ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

சரி, வேலை எங்கே? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் பல கதவுகளைத் திறந்தது. 2008-ல் மின்சார எக்ஸ்சேஞ்ச் வந்தது. இன்று ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 கூறாக்கி விலை வைக்கிறார்கள். நாளை எந்தக் கூறில் எவ்வளவு காற்றாலை மின்சாரம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஆள் வேண்டும். கணிப்பு ரொம்பத் தவறினால் அபராதம். என் பிழைப்பு இதுதான். ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வரும் கட்டண மனுக்களுக்குக் கணக்குப் போட ஆலோசனை நிறுவனங்கள் உண்டு. அரசு அறிவித்த பெரிய ஆலைகளில் எரிசக்தி மேலாளர் இருந்தாக வேண்டும் என்கிறது 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டம். அதற்குத் தனியாக ஒரு தேசியத் தேர்வு எழுத வேண்டும்.

மறைக்காமல் சொல்கிறேன். அரசுப் பணியிடங்கள் கொஞ்சம்தான். ஆரம்பத்தில் கம்ப்யூட்டர் பக்கம் போன நண்பனைவிடக் குறைவாகவே வாங்கினேன்.

தம்பி, இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். வீட்டுக் கரண்ட் பில்லை எடுங்கள். ஆணையத்தின் கட்டண ஆணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு யூனிட்டின் விலை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பாருங்கள். சலிப்புத் தட்டினால் இந்தத் துறை வேண்டாம். தூக்கம் போனால் வந்துவிடுங்கள். வழிகாட்ட நாங்கள் இருக்கிறோம்.