எரியாத விளக்கையும் கவனியுங்கள்



2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பிஎஸ்-6 பைக்குகளில், சாவி போட்டதும் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையவில்லையா? பேட்டரி வலுக் குறைந்தாலும் அது எரியலாம். முதலில் பேட்டரி முனைகளைத் துடைத்து இறுக்குங்கள். பிறகு இன்ஜின் ஓட, சற்று ஆக்ஸிலேட்டர் கொடுத்து மல்டிமீட்டரில் பாருங்கள். சுமார் 14 வோல்ட் காட்ட வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. புது பேட்டரி போட்டாலும் இறங்கிவிடும். வோல்ட் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், மெக்கானிக்கிடம் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது, சாவி போட்டும் அந்த விளக்கு எரியவே இல்லையென்றால் உஷார்! கோளாறை மறைக்க இணைப்பைத் துண்டித்திருக்கலாம். வண்டியைச் சோதிக்காமல், பிள்ளைகளின் பிழைப்புக்காகச் சேர்த்த பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.