கோட்டை இல்லாத கோட்டை

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



கொழும்பு வந்து புகையிரதத்தை விட்டிறங்கும் எவரும் "கோட்டையில் இறங்கினேன்" என்றே சொல்வார். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவரும் அப்படித்தான், பதுளையிலிருந்து வருபவரும் அப்படித்தான். ஆனால் கோட்டை எங்கே? போர்த்துக்கேயர் எழுப்பி, 1656இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்திக் கட்டிய மதில்களை, 1869ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் இடிக்கத் தொடங்கினர். பகைவர் பீரங்கிக்கு அஞ்சிய காலம் போய், வாணிபத்துக்கு இடம் தேடும் காலம் வந்துவிட்டது. கல் போயிற்று, சொல் மட்டும் நின்றுவிட்டது.

அந்தச் சொல்லுக்குத் துணையாக இன்னொரு சொல்லும் நிற்கிறது. கோட்டைக்குப் புறத்தே அமைந்ததால் அது புறக்கோட்டை. ஆங்கிலத்தில் அதனைப் 'பெட்டா' என்கிறார்கள். அது வேறொன்றுமல்ல, நமது 'பேட்டை'தான். வெளியாரின் நாவில் புரண்டு, உருமாறி, நம்மிடமே புதிய பெயர்போலத் திரும்பி வந்திருக்கிறது.

கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அவ்விடத்துக்கு 'அடிமைத் தீவு' என்று பொருள்படும் பெயர் வழங்கிவந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அங்கே அடைத்து வைத்ததன் நினைவு அது. தமிழரும் சிங்களவரும் வழங்கிய பெயரிலோ கொம்பனிதான் இருக்கிறது. ஓரிடத்துக்கு இரண்டு பெயர்கள். ஒன்றில் அடைபட்டவர்களின் நினைவு, மற்றதில் ஆண்டவர்களின் நினைவு. வரலாற்று நூலைப் புரட்டாமலே, பெயரைக் கேட்டவுடன் இவ்வளவும் தெரியவருகிறது.

இனிக் கட்டடங்களைப் பார்ப்போம். சத்தாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கும் இடத்தில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் உண்டு. 1857இல் கட்டப்பட்டது. பின்னர் அதன் உச்சியில் விளக்கேற்றி, வெளிச்சவீடாகவும் ஆக்கினார்கள். பல்லாண்டுகள் கப்பல்களுக்கு அது வழிகாட்டியது. நகரம் வளர்ந்தது; சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் எழுந்தன; கடலில் வருவோருக்கு விளக்கு தெரியாமற் போயிற்று. 1952இல் அதனை அணைத்துவிட்டார்கள். இன்று நடுத்தெருவில் நின்று நேரம் மட்டும் காட்டுகிறது அந்தக் கோபுரம்.

புறக்கோட்டை பிறின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் நூதனசாலையின் கதை வேறுவிதமானது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் தேசாதிபதி ஒருவரின் இல்லமாயிருந்த கட்டடம் அது. பிற்காலத்தில் மருத்துவமனையாகவும், பொலிஸ் பயிற்சிக் கூடமாகவும், தபாற் கந்தோராகவும் இருந்து, 1982இல் நூதனசாலையாயிற்று. கோட்டையிலுள்ள ஒல்லாந்தர் மருத்துவமனையும் அப்படித்தான். நோயாளர் படுத்திருந்த கூடங்களில் 2011 முதல் கடைகளும் உணவகங்களும் நடைபெறுகின்றன. பழைய கட்டடம் பிழைப்பதற்கு வழி இதுதான் போலும்: ஏதாவதொரு தொழிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொழிலற்ற கட்டடத்தின் கூரை முதலில் ஒழுகும், பிறகு இடியும்.

இவற்றைப் பேணியது நல்ல காரியம். ஆனால் என் மனதை உறுத்தும் கேள்வி ஒன்றுண்டு. பேணப்படுபவை யாருடைய கட்டடங்கள்? தேசாதிபதியின் மாளிகைக்குப் பெயர்ப்பலகை உண்டு. மூட்டை சுமந்த நாட்டாமைமார் படுத்துறங்கிய விறாந்தைக்கு என்ன உண்டு? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கொம்பனித்தெருவில் பழைய குடியிருப்பு வரிசைகள் பல மறைந்து மாடிக்கட்டடங்கள் எழுந்துள்ளன. மலாய்க்காரரும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்து, நோன்புக் கஞ்சியும் பொங்கலும் பரிமாறிய வாசற்படிகள் அவற்றோடு போய்விட்டன. புதிய வீடுகளில் மின்தூக்கி உண்டு, குழாய்நீர் உண்டு. அவற்றைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. வாசற்படிதான் இல்லை.

நகரம் காலத்தால் மட்டும் மாறுவதில்லை, நெருப்பாலும் மாறுகிறது. 1983 ஜூலையில் புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தன. எரிந்த இடங்களில் வேறு கடைகள் எழுந்தன. இன்று அவ்வீதியால் நடந்து போகும் இளைஞருக்குச் சுவர் எதையும் சொல்லாது. புதுச் சுண்ணாம்புக்கு ஞாபகம் கிடையாது. 1996இல் மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல் நடந்து பல உயிர்கள் பலியான வீதியிலும் இன்று வாகனங்கள் வழமைபோல் ஓடுகின்றன. நகரம் மறந்தால்தான் மறுநாள் கடை திறக்க முடியும். அதனை நான் பழிக்கவில்லை. ஆனால் எல்லோருமே மறந்துவிட்டால், நடந்ததை நடக்கவில்லை என்று ஒருவர் சொல்லும்போது மறுப்பதற்கு ஆளிருக்காது.

இலக்கியத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. நம் கதைகளில் பாத்திரங்கள் "கொழும்புக்கு" வருகிறார்கள். கொழும்பில் எந்தத் தெருவுக்கு என்று நாம் எழுதுவதில்லை. செட்டியார் தெரு என்று எழுதுங்கள். அங்கே நகைக்கடைகளுக்கிடையில் கதிரேசன் கோவில் நிற்பதை எழுதுங்கள். ஆடிவேல் தேர் புறப்படும்போது எந்த மாடத்தில் யார் நின்று பார்த்தார்கள் என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் அத்தெருவுக்குக் 'கடல் தெரு' என்று பெயர். கடலோ இன்று துறைமுகத்துக்கு அப்பால் நிற்கிறது. கோட்டைக்கு முன்னால் 2014 முதல் மண் கொட்டிக் கடலையே நிலமாக்கி, 269 ஹெக்டயரில் துறைமுக நகரம் அமைத்திருக்கிறார்கள். நாளை அந்த நிலத்திலும் தெருக்கள் வரும், அவற்றுக்கும் பெயர்கள் வரும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலுள்ள முதியவரிடம் இன்றிரவே கேளுங்கள்: "நீங்கள் முதலில் கொழும்புக்கு வந்தபோது எந்தத் தெருவில் தங்கினீர்கள்? பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்?" சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த வீடு இன்று இல்லாதிருக்கலாம். சொல்பவர் இன்னும் இருக்கிறாரே.