உண்பது யாதென்று அறிந்து உண்க

(திருவண்ணாமலையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



முழுநிலவு நாள்தோறும் அண்ணாமலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் வழியில் பல நூறாயிரம் மக்கள் நடக்கின்றனர். வழியின் இருமருங்கிலும் அடுப்புகள் எரிகின்றன. சோறிடுவோர் இடுகின்றனர், விற்போர் விற்கின்றனர். வந்தவர் பசியோடு திரும்புதல் அரிது. பசித்தவர்க்குச் சோறிடுதலைத் தலையாய அறமாகக் கொண்ட ஓர் இனத்துக்கு இது பெருமையே. ஆயினும், அவ்விலையில் விழுவது யாது? வெள்ளரிசிச் சோறு, நெய் மிதக்கும் பொங்கல், எண்ணெயில் பொரித்த பண்டம், சருக்கரை கரைத்த நீர் ஆகியவையே பெரும்பாலும் விழுகின்றன. நடந்து பெற்ற நலத்தின் ஒரு பகுதியை இலையே திரும்பப் பறித்துக்கொள்கின்றது. வயிற்றை நிரப்புவது வேறு. உடலை ஓம்புவது வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் உண்பவன் பிறர் ஆக்கிவைத்ததை விழுங்குகின்றான். அறிந்து உண்பவனே தன் உணவைத் தான் தெரிந்தெடுக்கின்றான்.

உணவைத் தெரிந்தெடுப்பதற்குத் தமிழர் புதிதாக ஓர் உரைகல் தேடவேண்டுவதில்லை. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். அதில் பச்சிலைப் பட்டியல் இல்லை. முன்னுண்டது செரித்ததை அறிந்து, உடலுக்கு ஒத்ததை, அளவோடு உண்ணும் ஒழுக்கமே மருந்தாகக் கூறப்படுகின்றது. புறநானூற்றின் 18ஆம் பாட்டிலோ குடபுலவியனார், உணவு என்பது நிலமும் நீரும் கூடிய கூட்டே என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உணர்த்தி, நீர்நிலைகளைப் பெருக்கச் சொல்கின்றார். உடலுக்கு ஒத்ததா என்பது ஒன்று; நிலத்துக்கும் நீருக்கும் ஒத்ததா என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களுக்கும் விடை தரும் உணவே நன்றுணவு.

இவ்வட்டாரத்தில் அத்தகைய உணவு இருந்தமைக்குப் பழஞ்சான்று உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடுவது. அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். நன்னனை நாடிச் சென்ற கூத்தரை வழியில் இருந்த மலைமக்கள் தினைச்சோறும் மூங்கிலரிசிச் சோறும் இட்டு ஓம்பினர் என்று பெருங்கௌசிகனார் விரித்துரைக்கின்றார். விருந்தினர்க்கு உவந்து இட்ட உணவு அது. ஏழைமையின் அடையாளமாக எவரும் அதைக் கருதவில்லை.

பின்னர் அக்கருத்து எவ்வாறு மாறியது? ஆற்றுநீரும் ஏரிநீரும் பாய்ந்த நிலம் நன்செய் எனப்பட்டது. மழையை நம்பிய நிலம் புன்செய் எனப்பட்டது. நன்செய் நெல் உடையவன் வீட்டுக்குப் போயிற்று. புன்செய்க் கூலம் உழைப்பவன் வீட்டில் நின்றது. நாளடைவில் நெல்லுண்பது உயர்வு, கூழுண்பது தாழ்வு என்னும் எண்ணம் வேரூன்றியது. கேழ்வரகுக் களியையும் கம்பங்கூழையும் நாடோறும் உண்ட வேளாண் தொழிலாளர் வீட்டில் நெற்சோறு விழாநாள் உணவாயிற்று. பண்டைத் தமிழகத்தின் தினையும் சாமையும் வரகும் குதிரைவாலியும் பனிவரகும் சிறுகூலம் என்னும் ஒரு பெயருக்குள் அடங்கிச் சிறுமையுற்றன. அவற்றையே மக்கள் இன்று சிறுதானியம் என்கின்றனர்.

ஆகவே, நெற்சோறு வேண்டும் என்று எளியவர் கேட்டது வெறும் நாவாசையன்று. அது தன்மானக் குரல். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் உரூபாய்க்குப் படியரிசி என்னும் உறுதிமொழி நாட்டையே அசைத்தது அதனாற்றான். 2011ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் பங்கீட்டுக் கடைகளில் அரிசி விலையின்றியே வழங்கப்பெற்றது. இதனால் தமிழ்நாட்டில் பட்டினி விரட்டப்பட்டது. இதை இகழ்வார் பசியை அறியாதவர். ஆனால் பட்டினியை விரட்டிய அதே மூட்டை, கேழ்வரகையும் சாமையையும் சமையற்கட்டிலிருந்து வெளியேற்றியது என்பதும் உண்மை. பசி தீர்ந்தது, தெரிவு சுருங்கியது.

இதனால் அரிசியே தீது என்று கூறுதல் பொருந்தாது. குறை அரிசியில் இல்லை. அதைத் தீட்டும் முறையிலும் உண்ணும் அளவிலுமே உள்ளது. இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1890களில் சாவகத் தீவில் ஐக்மன் என்னும் ஆலந்து நாட்டு மருத்துவர், வெண்மையாகத் தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் முடங்கி வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசியை உண்டபின் அவை தேறி எழுவதையும் கண்டார். மாந்தரை வாட்டிய பெரிபெரி என்னும் நோயின் மறை அவ்வாறு வெளிப்பட்டது. தவிட்டில் உள்ள ஓர் உயிரூட்டம், அதாவது தயமின் என்னும் விட்டமின், தீட்டும்போது நீங்குவதே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1929இல் ஐக்மனுக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

தமிழகத்துக்கும் இவ்வாய்வில் பங்குண்டு. 1918இல் குன்னூரில் மெக்காரிசன் என்னும் மருத்துவர் தலைமையில் பெரிபெரி ஆய்வுக்கெனத் தொடங்கப்பட்ட சிறு கூடமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டவியல் நிறுவனமாக விளங்குகின்றது. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் தீட்டிய பச்சரிசி உண்டோரைப் பெரிபெரி வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாயிருந்தது. நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டின் ஊட்டம் அரிசியின் உள்ளே இறங்கி விடுகின்றது. பின்னர்த் தீட்டினாலும் ஓரளவு எஞ்சுகின்றது. புழுக்கும் முறையை வகுத்த தாய்மார்க்கு விட்டமின் என்னும் சொல் தெரியாது. ஆயினும் அவர்தம் பட்டறிவு பல உயிர்களைக் காத்தது.

இன்று பெரிபெரி ஏறத்தாழ ஒழிந்தது. ஆனால் அதன் இடத்தில் வேறு நோய்கள் வந்து அமர்ந்துள்ளன. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர். அதே பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடை உடையவர். ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றில், குறையும் மிகையும் ஒருங்கே விளைகின்றன. 2023இல் வெளிவந்த பேராய்வு ஒன்று இந்தியாவில் அகவை முதிர்ந்தோருள் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. மாப்பொருள் தட்டில் மலையாகக் குவிய, பருப்பும் கீரையும் காயும் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பதன் விளைவில் இதுவும் ஒன்று.

இனி, நிலத்துக்கும் நீருக்கும் ஒத்ததா என்னும் வினாவுக்கு வருவோர் இம்மாவட்டத்தின் வானத்தையே நோக்கவேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். நெற்பயிர் ஒன்றுக்கு ஒரு போகத்துக்கே அவ்வளவு நீரோ அதனினும் மிகுதியோ வேண்டும். ஏரிகள் தூர்ந்த இடத்தில் அந்நீரை ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சி எடுக்கின்றன. சாமையோ அதில் பாதி நீர்கூடக் கேளாமல், பெய்த மழையிலேயே ஏறத்தாழ மூன்று திங்களில் விளைந்து விடுகின்றது. கேழ்வரகுக் கொல்லையில் துவரையும் மொச்சையும் காராமணியும் உடன் விளைகின்றன. ஒரே கொல்லை சோற்றையும் பருப்பையும் தந்து, மண்ணுக்கும் உரமூட்டுகின்றது.

அத்தகைய நிலம் தொலைவில் இல்லை. சவ்வாது மலையில், சமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலைவாழ் பழங்குடியினர் வழிவழியாகச் சாமை விளைக்கின்றனர். நகரில் நீரிழிவுக்கு அஞ்சியவர் அச்சாமையைக் கண்ணாடித்தாள் பையில் மிகுவிலை கொடுத்து வாங்குகின்றனர். அதை விளைத்த மலைமக்களோ சாமையை விற்றுவிட்டுப் பங்கீட்டுக் கடையரிசியை உண்ணும் நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளனர். இஃது என்ன முறை?

இதன் காரணத்தை ஆராய்ந்தால் பெண்ணின் தோள்வலியில் வந்து முடியும். சாமையின் உமி கெட்டியானது. அதை உரலிலிட்டு உலக்கையால் குற்றிப் புடைத்தெடுப்பது பெண்கள் தலையில் விழுந்த பெருஞ்சுமை. சோற்றுக்கு ஆயத்தமான அரிசி கடையிலே கிடைக்கும்போது, விடியுமுன் எழுந்து உலக்கை பிடிக்க எந்தத் தாய் விரும்புவாள்? அவளைப் பழைமை மறந்தவள் என்று குறைகூறுதல் அறமன்று. அவளுக்கு வேண்டியது அறிவுரையன்று; ஊர்தோறும் ஓர் உமிநீக்கும் பொறி. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மகளிர் குழுக்களிடம் அத்தகைய சிறு பொறிகளை ஒப்படைத்து, சாமையும் தினையும் மீண்டும் பயன்பாட்டுக்கு வர வழிசெய்தது. உலக்கையின் சுமை குறைந்த இடத்திலேதான் மரபுணவு நிலைக்கும்.

சிறுகூலத்தைப் பற்றிப் பொய்ப்பெருமை பேசுதலும் தீங்கே. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் என்னும் சுண்ணம் உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. இது மெய். ஆனால் சிறுகூலம் நீரிழிவைப் போக்கும் மருந்து என்பது மெய்யன்று. 2025இல் வெளிவந்த ஆய்வு, மாப்பொருளின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்கு மாற்றாகச் சிறுகூல மாவை மட்டும் உண்பதால் நோயிடர் குறைவதில்லை என்றும், மாப்பொருளில் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பருப்பு, பால் முதலிய புரத உணவைக் கொள்வதே பயன்தரும் என்றும் காட்டியது. தவிடு முழுதும் போக வெண்மையாகத் தீட்டிய சாமையும், சருக்கரையும் நெய்யும் பிசைந்த கேழ்வரகு உருண்டையும் பெயரளவில்தான் நலவுணவு. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அளவறிந்து உண்ணுதலை வற்புறுத்தியவர் வள்ளுவர் என்பதை மறத்தலாகாது.

அவ்வாறாயின், இலையில் இடவேண்டுவது யாது? 2024இல் தேசிய ஊட்டவியல் நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, நாளுணவின் ஆற்றலில் 45 விழுக்காட்டுக்கு மேல் கூலங்களிலிருந்து வரலாகாது என்கின்றது. இதை வீட்டு வழக்கில் சொல்வதாயின், இலையில் பாதி காய்க்கும் கீரைக்கும் பழத்துக்கும் உரியது. எஞ்சிய பாதியில் சோறும் பருப்பும் பங்கிடவேண்டும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. கொல்லைப்புற முருங்கையின் கீரை உண்டு. புன்செய்ப் பயறுகள் உண்டு. இம்மாவட்டம் பெருவாரியாக விளைக்கும் வேர்க்கடலை உண்டு. அதை மக்கள் மல்லாட்டை என்கின்றனர். முட்டையோ மீனோ உண்போர்க்கு அவையும் உண்டு. கேழ்வரகை முளைகட்டியும், மாவைப் புளிக்கவைத்தும் ஆக்கினால் அதன் ஊட்டத்தை உடல் எளிதில் ஏற்கும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்பூட்டத்தை ஏற்க உடலுக்குத் துணைபுரியும். உண்டவுடன் குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கும். குருதிச்சோகை உடைய பெண் தேநீரை ஒரு மணிநேரம் தள்ளிவைப்பதற்குக் காசு செலவில்லை. அறிவு ஒன்றே செலவு.

எனினும் அறிவு மட்டும் போதாது. அறிந்ததைச் செய்வதற்கு வழியும் வேண்டும். ஒன்றிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுகூல ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு மே திங்களில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் பங்கீட்டுக் கடைகளில், அரிசியில் இரண்டு கிலோவுக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. சாமை விளையும் மலையைத் தன்னகத்தே கொண்ட திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் அவ்வுரிமை வேண்டும். உழவனிடம் நல்விலைக்குக் கொள்முதல் செய்து, அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளின் தட்டிலேயே அதைச் சேர்த்தல் வேண்டும். நகரை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுகூல உயராய்வு நடுவம் இயங்குகின்றது. அங்கு உருவாகும் விதை உழவனின் கொல்லைக்கும், அங்கு விளங்கும் அறிவு தாயின் அடுக்களைக்கும் சென்று சேரவேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாத செயலும் உண்டு. ஆடித் திங்களில் அம்மன் கோயில்தோறும் கேழ்வரகுக் கூழ் வார்க்கின்றனர். செல்வனும் எளியவனும் ஒரே வரிசையில் நின்று கூழ் பெறுகின்றனர். அத்திங்களில் எவரும் அதைத் தாழ்ந்த உணவு என்று எண்ணுவதில்லை. ஆடியில் உயர்ந்த கூழ் ஆவணியில் தாழ்ந்து போவது எங்ஙனம்? மலைவலம் வருவோர்க்குச் சோறிடும் அறவோர், ஓர் அண்டாவில் சாமைச் சோறும், ஓர் அண்டாவில் சுண்டலும், சருக்கரை நீருக்கு மாற்றாக மோரும் வைத்தல் கூடும். அச்சாமையை மலைமக்களிடமிருந்தே நேரே வாங்குவாராயின், ஒரு கொடையில் இரண்டு அறம் விளையும்: நடந்து களைத்தவன் நலம் பெறுவான், விளைத்தவன் வீட்டில் விளக்கெரியும்.

தாய்மார்களே! கிழமைக்கு இருமுறை உலையில் சாமையோ வரகோ கேழ்வரகோ ஏறட்டும். இலையில் சோற்றின் இடம் ஒரு பிடி சுருங்கட்டும். கீரையின் இடம் ஒரு பிடி விரியட்டும். மாணவர்களே! தினைக்கும் சாமைக்கும் வரகுக்கும் வேறுபாடு அறியாத தலைமுறை என்னும் பழியை நீங்கள் நீக்குங்கள். அவற்றைக் கண்டு, பெயர் சொல்லி, கேட்டு வாங்கி உண்ணுங்கள். கேட்பார் உள்ள பொருளையே கடைக்காரன் வைப்பான். விற்கும் பொருளையே உழவன் விதைப்பான். சவ்வாது மலையில் சாமை விளைவதும் விளையாமற்போவதும் திருவண்ணாமலை வீடுகளின் உலையிலேயே முடிவாகின்றது.