எந்தக் கருவி நம்மிடம் முதலில் வருகிறது?



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். புதிய தொழில்நுட்பம் ஒடுக்கப்பட்டோரிடம் ஏன் தாமதமாக வருகிறது என்று கேட்டால், ‘படிப்பில்லை, விழிப்புணர்வு இல்லை’ என்று நம்மையே காரணம் காட்டுகிறார்கள். பண்டிதரின் வாழ்க்கையே அதற்கு மறுப்பு.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. கோலார் தங்கவயலிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூட வாசலே நமக்குச் சரியாகத் திறக்காத காலம் அது. ஆனாலும் அச்சு நம் குரலுக்குப் பயன்படும் என்று தெரிந்ததும் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் எடுத்துக்கொண்டோம்.

இப்போது பாதாள சாக்கடைக்கு வருவோம். தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு நீக்கும் லாரியும் கசடை உறிஞ்சும் லாரியும் நேற்று வந்தவை அல்ல. 2018இல் திருவனந்தபுரத்தில், மேலிருந்தே இயக்கிக் குழியைச் சுத்தம் செய்யும் ‘பேண்டிகூட்’ ரோபோவும் வந்துவிட்டது. கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். குழிக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் விஷவாயு தாக்கிச் சாகிறோம்.

காரணம் எளிது. லாரிக்கு வாடகை உண்டு, டீசல் உண்டு. குறைந்த கூலிக்கு இறங்க ஓர் ஆளைச் சாதி எப்போதும் தயாராக வைத்திருக்கிறது. அந்த ஆள் இருக்கும்வரை ஒப்பந்தக்காரரின் கணக்கில் இயந்திரம் வீண்செலவு. சாதி ஆட்களைத் தரம் பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். எந்த வேலைக்கு இயந்திரம், எந்த வேலைக்கு மனிதன் என்பதையும் அதுவே பிரிக்கிறது.

அதே தொழிலாளியிடம் வேகமாக வந்து சேர்ந்த கருவியும் ஒன்று உண்டு. சண்டிகரிலும், அம்பேத்கர் பௌத்தம் தழுவிய நாக்பூரிலும் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று மேலதிகாரி இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். நம்மைக் கண்காணிக்கும் கருவிக்குப் பணம் இருக்கிறது. நம் உயிரைக் காக்கும் கருவிக்குத்தான் நிதி இல்லை என்கிறார்கள்.

இயந்திரம் வந்துவிட்டால் மட்டும் போதாது. லாரி முதலாளியுடையது, குழாயைப் பிடிப்பவர் நம் ஆள் என்றால் பழைய கதைதான். இயந்திரம் வாங்கத் தொழிலாளர்களுக்கு மானியத்துடன் கடன் தரும் ‘நமஸ்தே’ திட்டத்தை ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்தது. அது நம் தெருவுக்கு வந்ததா என்று நாம்தான் கேட்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊர் நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கழிவுநீர் இயந்திரங்கள் எத்தனை, உரிமையாளர் யார், கடந்த ஆண்டு எத்தனை நாள் ஓடின? மூன்றே கேள்விகள். வரும் பதிலை அச்சிட்டுத் தெருத்தெருவாகக் கொடுங்கள். பண்டிதர் அச்சை எதற்காகக் கையில் எடுத்தாரோ, அந்த வேலை இன்னும் முடியவில்லை.

ஜெய் பீம்.